மின்வில் பற்றவைப்பும் உயிர்க்காப்பும்

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இரும்புப் பட்டறையைப் பற்றி எழுதப் புகுந்தது என்னை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை எளிது. நாம் உறையும் விடுதியின் சாளரக் கம்பிகளும், நாள்தோறும் நாம் புகும் வாயிற்கதவும், ஊர் செல்ல ஏறும் பேருந்தின் கூடும், நம் விளக்குகளுக்கு மின்சாரம் ஈனும் அனல் நிலையத்துக் கொதிகலனும் பற்றவைப்பாளர் கையால் உருப்பெற்றவை. அவர்தம் தொழிலில் வழங்கும் ஒரு சொல் இரு வேறு பொருளைக் குறித்து மயங்கி நிற்றலால், சிற்சில வேளைகளில் உயிர்க்கே இடையூறு நேர்கின்றது. சொல்லையும் பொருளையும் வேறு பிரித்து ஆராய்தல் தமிழ் மாணவனுக்கு உரிய வேலையே ஆதலின், இதனை எழுதத் துணிந்தேன். அச்சொல் யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன் தொழிலின் இயல்பையும் பொறியின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பெயரும் வரலாறும்

இரண்டு உலோகத் துண்டங்களை ஒன்றாக்கும் தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. பொற்கொல்லரும் கன்னாரும் பற்றாசு வைத்துப் பொருத்துதலைத் தொன்றுதொட்டு அறிவர். பற்றாசாவது, பொருத்தப்படும் உலோகத்தினும் குறைந்த வெப்பத்தில் உருகி, இடைவெளியிற் பாய்ந்து, ஆறியபின் இரு துண்டங்களையும் பற்றிக்கொள்ளும் பிறிதோர் உலோகக் கலவை. யாப்பிலக்கணம் பயின்றோர் ஆசிடை நேரிசை வெண்பாவை அறிவர். முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே இணக்கம் உண்டாகும்பொருட்டு ஓரசையோ ஈரசையோ இட்டு நிரப்புவர். அவ்வசைக்கு ஆசு என்னும் பெயர் கம்மியர் பட்டறையினின்று செய்யுட்கு வந்ததாகும்.

மின்வில் பற்றவைப்போ இதனின் வேறுபட்டது. பற்றாசு வைக்குங்கால் துண்டங்கள் உருகுவதில்லை. இங்கோ துண்டங்களின் விளிம்புகளும், இடையே இடப்படும் கோலும் ஒருசேர உருகிக் கலந்து, ஆறியபின் ஒரே உலோகமாகின்றன. எஃகு உருகுதற்கு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைக் கணப்பொழுதில், வேண்டும் இடத்தில் மட்டும் தரவல்லது மின்வில். அதன் நடுவில் வெப்பம் 5,000 பாகைக்கும் மேற்படும்.

கி. பி. 1802ஆம் ஆண்டில் ருஷிய நாட்டு வாசிலி பெத்ரோவ் என்பார், செம்பும் துத்தநாகமுமாகிய 4,200 வட்டத் தகடுகளை அடுக்கிப் பெரியதொரு மின்கலம் அமைத்து, கரித்துண்டுகளின் இடையே இடையறாது ஒளிரும் மின்சுடரைக் கண்டார். அதன் வெம்மையில் உலோகங்கள் உருகுதலையும் குறித்துவைத்தார். இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரும் அக்காலத்தை யொட்டி இதனை ஆராய்ந்தார். கரித்துண்டுகளைக் கிடையாக வைத்தபோது, சூடேறிய காற்று மேலெழுதலின் சுடரும் மேல்நோக்கி வில்லென வளைந்தது. மின்வில் என்னும் பெயர்க்குக் காரணம் இதுவே.

எனினும், இதனைத் தொழிலுக்குப் பயன்படுத்தப் பல்லாண்டுகள் ஆயின. 1881ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அகுஸ்த் தெ மெரித்தான் என்பார் மின்கலத்து ஈயத் தகடுகளைக் கரி மின்வில்லால் இணைத்தார். 1885ஆம் ஆண்டில் நிக்கொலாய் பெனார்தோஸ் என்பவரும் ஒல்ஷெவ்ஸ்கி என்பவரும் இம்முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றனர். 1888ஆம் ஆண்டில் ஸ்லாவ்யானோவ் என்னும் ருஷியப் பொறியாளர் கரிக்கு மாறாக உலோகக் கோலையே பயன்படுத்தினார். அக்கோல் சுடரைத் தருவதோடு தானும் உருகி இடைவெளியை நிரப்பியது. ஆயினும் உருகிய உலோகத்தைக் காற்றுப் பற்றிக் கெடுத்தது. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் ஷெல்பெர்க் என்பார் கோலின்மேல் ஒருவகைப் பூச்சுப் பூசி, அது எரிந்து தரும் புகையும் கசடும் உருகிய உலோகத்தைப் போர்த்துக் காக்கச் செய்தார். அதற்கு அவர் உரிமைப் பட்டயம் வேண்டியது 1907ஆம் ஆண்டு. இன்று நம் தெருப் பட்டறைகளில் ‘ராடு’ என்று வழங்கும் கோல் அப்பூச்சுக்கோலின் வழித்தோன்றலே. 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் துறையில் தரையாணி யின்றி முழுதும் பற்றவைத்துக் கட்டப்பெற்ற ‘புல்லகர்’ என்னும் கப்பல் கடலில் இறங்கியது. நம் நாட்டிலோ, திருச்சிராப்பள்ளி இத்தொழிற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது; அதனைச் சார்ந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

பொறியின் இயல்பு

இனிப் பொறியின் இயல்பைக் காண்போம். பல்வகைப் பொறிகள் இற்றைநாள் உளவேனும், பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்குவது மின்மாற்றிப் பொறியே. அதனுள் இரும்புச் சட்டமொன்றில் இரண்டு கம்பிச் சுருள்கள் உள. முதற் சுருள் தெருவினின்று வரும் மின்சாரத்தோடு இணைக்கப்படும். இரண்டாஞ் சுருள் வேலைக்கு வேண்டும் மின்சாரத்தைத் தரும். இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தத்தின் வாயிலாகவே ஆற்றல் ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லும்.

தெருவினின்று வருவது ஏறத்தாழ 400 வோல்ட்டு அழுத்தமுடையது. பொறி அதனை 80 வோல்ட்டாகக் குறைக்கின்றது என்று கொள்வோம். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால், மின்னோட்டம் ஐந்து மடங்காகும். ஆகவே, கோலின் வழியே 300 ஆம்பியர் பாயுங்கால் தெருப்பக்கத்துக் கம்பியில் 60 ஆம்பியர் பாயும். வீட்டு விளக்கிற்கு இட்ட மெல்லிய கம்பியில் இத்தகைய பொறியை இணைத்தல், ஓடையில் ஆற்று வெள்ளத்தை விடுவது போலாம்.

கோலின் நுனியைப் பணிப்பொருளில் தொட்டு, கோலின் பருமன் அளவே விலக்கினால் சுடர் எழும். எழுந்தபின் அதனை நிலைநிறுத்த 20 முதல் 30 வோல்ட்டு வரையில் போதும். சுடர் அணைந்து, பொறி மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும்போது கோலின் நுனியில் 80 வோல்ட்டு முழுதும் நிற்கும். இஃது உள்ளத்தில் இருத்தற்குரிய செய்தி. சுடர் எரியும்போது அழுத்தம் குறைவு. ஒளியும் ஒலியும் இன்றிப் பொறி சும்மா இருப்பதுபோல் தோன்றும்போதே அழுத்தம் மிகுதி. கண்கூசும் ஒளிக்கு அஞ்சும் நாம், அணைந்த கோலுக்கு அஞ்சுவதில்லை. அஞ்சற்பாலது அதுவே.

ஒரு சொல், இரு பொருள்

முன்னர்க் குறித்த சொல் ‘எர்த்து’ என்பது. பொறியினின்று இரண்டு தடித்த வடங்கள் புறப்படும். ஒன்று கோலைப் பற்றியிருக்கும் பிடிக்குச் செல்வது. இதனை ‘ஹோல்டர் கேபிள்’ என்பர். மற்றொன்று பணிப்பொருளில் கவ்விவைக்கப்படுவது. இதனை ‘எர்த்து’ என்பர். பொறியின் இரும்புக் கூட்டினின்று நிலத்திற் புதைத்த தகட்டிற்குச் செல்லும் கம்பிக்கும் ‘எர்த்து’ என்றே பெயர். இரண்டும் ஒன்றே என்று பலர் கருதுகின்றனர். அவை ஒன்றல்ல.

மின்சாரம் எங்கிருந்து புறப்படுகின்றதோ அங்கே திரும்பிச் சேரும் இயல்புடையது. இரண்டாஞ் சுருளினின்று புறப்பட்ட மின்சாரம் பிடி, கோல், சுடர், பணிப்பொருள் என்பவற்றின் வழியே சென்று, பணிப்பொருளிற் கவ்விய வடத்தின் வழியே அச்சுருளுக்கே மீளும். ஆதலின் அவ்வடத்தை மீள்வடம் என்று வழங்குவேன். சுடர் எரியும் நேரமெல்லாம் அதில் 100, 200, 300 ஆம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும். பொறியின் கூட்டினின்று நிலத்திற்குச் செல்வதை நிலக்கம்பி என்பேன். அதில் மின்சாரம் பாய்தலே கூடாது. முதற் சுருளின் உறை கெட்டு, 400 வோல்ட்டு மின்சாரம் கூட்டைத் தொட்டுவிட்டால், அப்பொழுது மட்டும் அது மின்சாரத்தை நிலத்திற்குக் கொண்டு சென்று, காப்புருகியை எரியச்செய்து, கூட்டைத் தொடுவோனைக் காக்கும். மீள்வடம் வேலைக்காக ஏற்பட்டது. நிலக்கம்பி உயிருக்காக ஏற்பட்டது.

இரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளைவது யாது? விடுமுறையில் யான் கண்ட பட்டறை யொன்றில், மீள்வடம் குறுகியிருந்தமையால் அதனைக் கூரையின் இரும்புத் தூணிற் கவ்வியிருந்தனர். ‘எல்லாம் எர்த்துதானே’ என்பது அங்கே கிடைத்த விடை. பணிப்பொருளோ பல அடி தொலைவில் ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் மீளும் வழி தேடிச் சங்கிலி, தூண், தூணோடு தொட்ட மற்றப் பொறிகளின் நிலக்கம்பி என்னும் யாவற்றின் வழியும் பிரிந்து ஓடும். துரப்பணப் பொறி ஒன்றின் நிலக்கம்பி சில ஆம்பியருக்கே ஏற்ற மெல்லிய கம்பி. அதன் வழியே நூறு ஆம்பியர் பாய்ந்தால் உள்ளுக்குள்ளேயே உருகி அற்றுப்போகும். அற்றது யார்க்கும் தெரியாது. துரப்பணம் எப்பொழுதும்போல் இயங்கும். மற்றொரு நாள் அத்துரப்பணத்தின் உறை கெடும்போது, காக்க வேண்டிய நிலக்கம்பி இல்லாமையால் அதனைப் பிடித்தவன் மடிவான். அவனுடைய சாவிற்கும், சில திங்களுக்கு முன் தவறான இடத்தில் கவ்விய மீள்வடத்திற்கும் உள்ள தொடர்பை எவரும் அறியார். தொங்கும் சங்கிலியும் எஃகுக் கயிறும் சூடேறி வலிகுன்றுதலும், உருள்தாங்கிகள் பொறிபட்டுக் கெடுதலும் இவ்வாறே நேர்வன.

எனவே, மீள்வடத்தைப் பணிப்பொருளிலேயே, பற்றவைக்கும் இடத்திற்கு அருகிலேயே, துருவும் பூச்சும் சுரண்டிய தூய இரும்பின்மேல் இறுகக் கவ்வுதல் வேண்டும். இஃது இத்தொழிலின் முதல் விதி எனலாம்.

பொறியை நிறுவும் முறை

பொறியை வைக்கும் இடம் உலர்ந்ததாகவும், சமமானதாகவும், காற்றோட்டம் உடையதாகவும் இருத்தல் வேண்டும். அரவுத்தூளும் இரும்புப் பொடியும் பறக்கும் இடத்தில் வைத்தால், அப்பொடி பொறியின் உட்புகுந்து சுருள்களின் உறையைக் கெடுக்கும். பொறியின் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டியும் சாக்கால் மூடியும் வைத்தலாகாது. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பணிசெய்வோன் கைக்கெட்டும் தொலைவில், பொருள்களால் மறைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். இடுக்கண் நேர்ந்தபோது தேடிக் காணும் சுவிட்ச் இல்லாததற்குச் சமம்.

இந்திய மின்பாதுகாப்பு விதிகளின்படி, 250 வோல்ட்டிற்கு மேற்பட்டு 650 வோல்ட்டிற்கு மேற்படாத பொறிகளின் உலோகக் கூட்டிற்கு இரண்டு தனித்தனி நிலத்தொடர்புகள் இருத்தல் வேண்டும். ஒன்று அற்றாலும் மற்றொன்று காக்கும் என்பதே கருத்து. காப்புருகி எரிந்துபோனால் அவ்விடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தல் பலரது வழக்கம். அது காவலனைக் கொன்று வாயிலில் நிறுத்துவதோ டொக்கும்.

ஒவ்வொரு பொறியின் முகத்திலும் ஒரு தகடு பதித்திருக்கும். அதில் 300 ஆம்பியர், 60 விழுக்காடு என்று எழுதியிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அவ்வளவு மின்னோட்டத்தில் வேலைசெய்யலாம், எஞ்சிய நான்கு நிமிடம் பொறி ஆறவேண்டும் என்பது பொருள். இடையறாது வேலைசெய்ய வேண்டின், மின்னோட்டத்தை ஏறத்தாழ 230 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். இக்கணக்கும் சுற்றுப்புற வெப்பம் 40 பாகைக்கு மேற்படாத இடத்திற்கே பொருந்தும். சித்திரை வைகாசியில் நம் ஊர்த் தகரக் கொட்டகையின் வெப்பம் இதனைக் கடத்தல் அரிதன்று. ஆதலின் அந்நாட்களில் பொறிக்கு இன்னும் மிகுதியான ஓய்வு வேண்டும்.

வடங்களும் மின்னோட்டத்திற்கு ஏற்ற பருமன் உடையனவாதல் வேண்டும். 300 ஆம்பியருக்கு 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் வரையுள்ள செம்பு வடம் கொள்வர். தொலைவு மிகுந்தால் பருமனும் மிகவேண்டும். வடத்தின் இணைப்புகள் இறுகியிருத்தல் இன்றியமையாதது. தளர்ந்த இணைப்பே சூடேறி உறையை எரிக்கும். உறை கிழிந்து செம்பு தெரியும் வடத்தைத் துணிகொண்டு சுற்றி வேலைசெய்தலும், ஓடு உடைந்த பிடியைப் பயன்படுத்தலும் கூடா.

உடலும் மின்சாரமும்

‘எண்பது வோல்ட்டு என் செய்யும்?’ என்று கேட்பாருளர். கணக்கிட்டுக் காண்போம். வியர்வையால் நனைந்த உடலின் தடை, ஒரு கையினின்று மறு கைவரையில் ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்ளலாம். 80 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.08 ஆம்பியர், அஃதாவது 80 மில்லியாம்பியர் ஆகும். மாறுமின்னோட்டம் 10 மில்லியாம்பியர் அளவில் பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விடமுடியாமற் போதல் கூடும். 50 மில்லியாம்பியர் ஒரு நொடி மார்பின் வழியே பாய்ந்தால் நெஞ்சத்துடிப்பு ஒழுங்குகெட்டு உயிர் பிரிதலும் கூடும். பற்றவைப்பாளர் நாள்தோறும் மடியாமல் இருப்பதற்குக் காரணம், உலர்ந்த தோற் கையுறையும், உலர்ந்த காலணியும், காலின்கீழ் இட்ட பலகையும் அவரை மின்சாரத்தின் வழியினின்று விலக்கி நிற்பதே. வியர்வை கையுறையை நனைக்கும் நாளில் அவ்வரண் தகர்கின்றது.

ஆதலால், எரிந்து தீர்ந்த கோலை எடுத்துப் புதுக்கோல் மாட்டும் கணமே மிக்க விழிப்பிற்குரியது. அப்பொழுது சுடர் இல்லை. அழுத்தமோ முழுதும் உண்டு. வெறுங்கையால் கோல் மாற்றுதல், பிடியை அக்குளில் இடுக்கிக்கொள்ளுதல், சூடேறிய பிடியை நீரில் தோய்த்தல், வடத்தைத் தோளில் சுற்றிக்கொள்ளுதல் ஆகிய நான்கும் அறவே விலக்கத்தக்கன.

கொதிகலனின் உள்ளும், கப்பலின் அடித்தட்டிலும், நீர்த்தொட்டியிலும் உடல் முழுதும் இரும்பைத் தொட்டுக்கொண்டே வேலைசெய்ய நேரும். இத்தகைய இடங்களுக்கென ஆக்கப்பட்ட பொறிகளில், சுடர் இல்லாதபோது நிற்கும் மாறுமின்னழுத்தம் 48 வோல்ட்டிற்கு மேற்படலாகாது என்று உலக நாடுகளின் பொதுவான மின்தொழில் நியமம் வரையறுக்கின்றது. பொதுவிடங்களுக்கு அவ்வரம்பு 80 வோல்ட்டு. குறுகிய இடத்திற்குத் தகுந்த பொறியின்மேல் ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். சுடர் அணைந்தவுடன் அழுத்தத்தைத் தானே குறைக்கும் கருவியும் இக்காலத்துக் கிடைக்கின்றது. நேர்மின்னோட்டம் தரும் பொறி, மாறுமின்னோட்டப் பொறியினும் இவ்வகையில் இடையூறு குறைந்தது.

ஈண்டு ஒரு பொய்யான தைரியத்தையும் விலக்குதல் வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவியை இக்காலத்து வீடுகளில் பொருத்துகின்றனர். அது பட்டறையிலும் இருந்தால் பற்றவைப்பாளருக்கு அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அக்கருவி, தெருவினின்று வந்த மின்சாரம் முழுதும் தெருவிற்கே மீள்கின்றதா என்று மட்டும் கணக்குப் பார்ப்பது. கோலைத் தொட்டவன் உடலின் வழியே பாய்வதோ இரண்டாஞ் சுருளினின்று புறப்பட்டு அச்சுருளுக்கே மீளும் மின்சாரம். தெருப்பக்கத்துக் கணக்கில் குறைவு யாதும் தோன்றாது. கருவியும் வாளா இருக்கும். பொறியின் கூட்டில் நேரும் கசிவிற்கு அது துணையாகும். கோலின் பக்கத்திற்கு ஆகாது. அங்கே கையுறையும் பலகையும் விழிப்புமே துணை.

இரண்டு பற்றவைப்பாளர் ஒரே பணிப்பொருளில் அருகருகே வேலைசெய்யும்போது, பொறிகளின் இணைப்பு மாறியிருந்தால் இரு பிடிகளுக்கும் இடையே இருமடங்கு அழுத்தம், அஃதாவது 160 வோல்ட்டு, நிற்றல் கூடும். ஆதலின் ஒருவர் பிடியை மற்றவர் தொடலாகாது.

யாரேனும் மின்சாரத்தாற் பற்றப்பட்டால், முதலில் சுவிட்சை அணைத்தல் வேண்டும். அணைக்கும் முன் அவரைத் தொட்டவனும் அவரோடு வீழ்வான். மூச்சும் நாடியும் நின்றிருப்பின், 108 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லச் செய்து, மருத்துவ உதவி வருமளவும் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் முயற்சியை நிறுத்தாது செய்தல் வேண்டும்.

ஒளியும் புகையும்

மின்வில்லின் ஒளியில் கண்ணுக்குத் தோன்றும் பகுதியன்றி, ஊதாவிற்கு அப்பாற்பட்ட கதிரும் மிகுதியாக உண்டு. அக்கதிர் கருவிழியின் மேற்றோலைச் சுடும். சுடும்போது நோவு தெரியாது. மாலையில் வீடு சென்று உறங்கியபின், நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோன்ற நோவும் நீரொழுக்கும் உண்டாகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தீரும். அதற்குப் பச்சிலைச் சாறும் பிறவும் கண்ணிற் பிழிதல் தீங்கு; மருத்துவரைக் காண்பதே முறை.

பற்றவைப்பாளன் கையில் முகக்கவசம் பெரும்பாலும் உண்டு. அவன் அருகே பணிப்பொருளைப் பிடித்து நிற்கும் சிறுவனுக்கோ ஒன்றும் இல்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பதை நாம் தெருவிலேயே காணலாம். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது. கவசக் கண்ணாடிகள் கருமைக்கேற்ப எண்ணிடப்பட்டுள்ளன. 100 ஆம்பியர் அளவிற்கு 10ஆம் எண்ணும், 200 ஆம்பியர் அளவிற்கு 11ஆம் எண்ணும் தகும். வழிச்செல்வோர் கண்ணிற் படாதவாறு திரையிடுதலும் கடமையே. திறந்த மேனியைக் கதிர் சுடுமாதலின், முழுக்கைப் பருத்தி யாடையும் தோல் முன்றானையும் வேண்டும். செயற்கை நூலாடை தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும்.

இனிப் புகை. அது வெறும் புகையன்று. உலோகம் ஆவியாகி மீண்டும் உறைந்த நுண்டூள். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தவருக்குச் சில மணி நேரங் கழித்துக் குளிரும் காய்ச்சலும் காணும். நாள்தோறும் உட்செல்லும் புகையின் தீங்கு இதனினும் பெரிது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017ஆம் ஆண்டில் ஆராய்ந்து, பற்றவைப்புப் புகை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்றே முடிவு கூறியது. துருப்பிடியா எஃகின் புகையில் குரோமியத்தின் கொடிய வடிவமும் உண்டு. புகை நேரே மேலெழுமாதலின், தலையைப் புகையின் நடுவே நீட்டாமல் பக்கத்தே வைத்துக்கொள்ளுதலும், புகையை உறிஞ்சும் விசிறிக்குழாய் அமைத்தலும் நலம். குளோரின் கலந்த எண்ணெய்நீக்கித் திரவங்களின் ஆவி அருகே இருப்பின், மின்வில்லின் கதிர் அதனைப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாற்றும். முதல் உலகப் போரில் வீரரைக் கொன்ற வாயு அதுவே. தொட்டியினுள் வேலைசெய்வோருக்கு வெளியினின்று காற்றைச் செலுத்துதல் வேண்டும்; பிராண வாயுவைத் திறந்துவிடுதல் பெரும்பிழை. அது மிகுந்த இடத்தில் ஆடையும் தலைமயிரும் சிறு பொறிக்கே தீப்பற்றி எரியும்.

தீப்பொறி

பற்றவைக்கும் இடத்தினின்று தெறிக்கும் பொறி தொலைவு செல்லவல்லது. அமெரிக்கத் தீத்தடுப்பு நியமம், 35 அடிச் சுற்றளவில் எரியும் பொருளை அகற்றவோ மூடவோ வேண்டும் என்றும், வேலை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் ஒருவர் காவலிருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. பின்னும் காவல் எதற்கென்னில், பஞ்சிலும் மரத்தூளிலும் புகுந்த பொறி நெடுநேரம் கனன்று, ஆட்கள் சென்றபின் எரியத் தொடங்கும்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூயார்க்குத் துறைமுகத்தில் ‘நார்மண்டி’ என்னும் பிரெஞ்சுப் பெருங்கப்பலைப் போர்வீரர் ஏறும் கப்பலாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாயுச் சுவாலையால் உலோகம் வெட்டியவரின் கருவியினின்று தெறித்த பொறி, அருகே குவித்திருந்த மிதவை யங்கிகளிற் பட்டது. அவ்வங்கிகளுள் அடைத்திருந்தது நம் நாட்டிலும் தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சு. கப்பல் எரிந்தது, அணைக்கப் பாய்ச்சிய நீரின் பாரத்தால் மறுநாள் விடியுமுன் ஒருபுறம் கவிழ்ந்தது. உயிரைக் காக்க வைத்த அங்கிகளே கப்பலை அழித்தன. 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜெர்மனி நாட்டு டுஸ்ஸெல்டார்ப் விமான நிலையத்தில், மேற்பாலத்தில் நடந்த பற்றவைப்பு வேலையால் கீழ்க்கூரையின் உள்ளிருந்த செயற்கை நுரைத்தகடு தீப்பற்றி, 17 பேர் மாண்டனர். பற்றவைப்பாளர் நின்றது மேலே. மாண்டவர் இருந்தது கீழே. தகட்டிற்கு மறுபுறம் யாதுளது என்று காணாமல் சுடர் எழுப்பலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. எண்ணெயும் பெட்ரோலும் இருந்த பீப்பாய், வெறுமையாகத் தோன்றினும் ஆவி நிறைந்ததே. அதனைப் பற்றவைக்க முயல்வது வெடிகுண்டைக் கொளுத்துதலேயாம்.

கடமை யாருடையது?

மேற்கூறியன யாவும் பற்றவைப்பாளன் அறிந்து செய்யவேண்டியன என்று சொல்லி நாம் ஒதுங்குதல் எளிது. ஆயின், பொறியை வாங்குவோன் அவன் அல்லன். மின்கம்பி இழுப்போனும் அவன் அல்லன். மழைநாளிலும் இன்றே முடிக்கவேண்டும் என்று விரட்டுவோனும் அவன் அல்லன். உரிய வடமும் நிலக்கம்பியும் கையுறையும் கவசமும் வாங்கித் தரவேண்டியவர் வேறொருவர். நம் கல்லூரியினின்று சென்றோரிலும் செல்வோரிலும் தொழிற்சாலை நடத்துவோரும், வீடு கட்டுவோரும், பள்ளிகளை மேற்பார்ப்போரும் பலர் ஆவர். பற்றவைப்பாளனை ஒரு நாளேனும் கூலிக்கு அழையாதவர் அரியர். அந்நாளில் அவன் உயிர் ஒருவாற்றான் அழைத்தவர் பொறுப்பில் உள்ளது.

அப்பொழுது செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. பொறி உலர்ந்த இடத்தில் உளதா, வடங்களின் உறை பழுதற்றதா, அவன் கையில் உலர்ந்த கையுறை உளதா, துணையாளின் கண்ணுக்கும் காப்பு உளதா, எரியும் பொருள் அகற்றப்பட்டதா என்று நோக்குதல் ஒருவருக்கும் அரிதன்று. பின் ஒரே கேள்வி கேட்டல் வேண்டும்: ‘எர்த்து எங்கே?’ பணிப்பொருளிற் கவ்விய வடத்தை மட்டும் அவன் காட்டுவானாயின், ‘அது மின்சாரம் மீளும் வழி, உன் உயிரைக் காக்கும் கம்பி எங்கே?’ என்று மீண்டும் கேளுங்கள். அதனைக் காட்டுமளவும் சுவிட்சைப் போடவேண்டா.